செத்லத்துக்கு ஒரு போன்

செத்லத் தீவு, லட்சத்தீவு
3 நவம்பர் 2024

செறியகோயா காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது சாரோம்மா எழுதறது. கையெழுத்து மறந்திருக்கும், அதனால முதல்லயே சொல்லிடறேன்.

ஒன்பது வருஷம் கழிச்சு தங்கச்சிக்கு என்ன திடீர்னு ஞாபகம்னு நினைப்பீங்க. பழைய சண்டையை எடுக்கறதுக்கு எழுதலை, முடிக்கறதுக்கும் எழுதலை. எனக்குக் கொச்சியில ஒரு முகவரி வேணும். அவ்வளவுதான்.

என்கிட்ட இருந்த பட்டன் போன் செத்துப் போச்சு. ஆஸ்பத்திரியில நான் இன்னும் ஆயா வேலைதான் பாக்கறேன். படுக்கை விரிப்பையெல்லாம் வாரி சோப்புத் தண்ணியில ஊறப் போட்டப்ப போனையும் சேத்துப் போட்டுட்டேன். மூணு நாள் அரிசிக்குள்ள புதைச்சு வச்சுப் பாத்தேன். லைட் மட்டும் ஒரு தடவை எரிஞ்சுது.

இங்க இருக்கற ஒரே கடையில போனுக்குப் போடற உறையும் ரீசார்ஜும்தான் கிடைக்கும், போன் கிடைக்காது. பக்கத்து வீட்டு குஞ்ஞிபீ அவ போன்ல ஆர்டர் போட்டுப் பாத்தா. நம்ம தீவோட பின்கோடு போட்டதும் ‘இந்த இடத்துக்கு அனுப்ப இயலாது’ன்னு வந்துடுச்சு. கொச்சி முகவரி கொடுத்தா வரும், அங்கேருந்து யாராவது கப்பல்ல போட்டுவிடணும்னு சொன்னா. இங்க எல்லா வீட்டுக்கும் கொச்சியில ஒரு ஆள் இருக்கு. எனக்கு நீங்க இருக்கீங்க. இருக்கீங்கன்னா.

உங்க பழைய நம்பருக்கு குஞ்ஞிபீ போன்லேருந்து நாலு தடவை அடிச்சேன். மணி போகுது, நீங்க எடுக்கலை. தெரியாத நம்பர்னு எடுக்கலையா, நான்தான்னு தெரிஞ்சு எடுக்கலையா? அதான் கடுதாசி.

சாரோம்மாபி


மட்டாஞ்சேரி
16 நவம்பர் 2024

சாரோ,

வ அலைக்கும் ஸலாம். உன் கையெழுத்தை நான் மறக்கவில்லை. ‘ழ’வுக்கு இன்னும் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுக்கிறாய்.

முகவரி கடைசியில் இருக்கிறது. பழைய வீடு இல்லை. உன் மைனி நபீசா மவுத்தான பிறகு அந்த வீட்டை விட்டுவிட்டு, ஒரு தையல்காரரின் வீட்டு மாடியில் ஒற்றை அறைக்கு வந்துவிட்டேன். அவள் போய் ஐந்து வருஷம் ஆகிறது. நீ ஒரு வரி எழுதவில்லை. நானும் அதை எடுக்கவில்லை, முடிக்கவும் இல்லை.

முகவரி கேட்டாயே தவிர எந்த போன் என்று எழுதவில்லை. குஞ்ஞிபீ சொன்னதை அப்படியே வாங்கிவிடாதே. கடைக்குப் போய் கையில் எடுத்துப் பார்த்து வாங்கிக் கொடு என்று என்னிடமும் கேட்காதே. கடைகளுக்குப் போவதை நான் விட்டாயிற்று. ஆனால் எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. போன் வாங்கினவர்கள் இணையத்தில் எழுதியிருப்பதையெல்லாம் உட்கார்ந்து படிக்கிறேன்.

ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை நம்பாதே, டப்பாவைப் பிரித்த சந்தோஷத்தில் எழுதுகிறார்கள். ஒரு நட்சத்திரக்காரர்களில் பாதிப் பேருக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் மேல்தான் கோபம். மூன்று கொடுத்திருப்பவர் ஆறு மாதம் வைத்திருந்து பார்த்தவர். அவர் பேச்சைக் கேட்கலாம்.

நீ போனை எங்கே வைத்துக்கொள்வாய், கை ஈரமாக இருக்குமா, கண்ணாடி போட்டிருக்கிறாயா, கரண்ட் எத்தனை மணி நேரம் போகிறது, எல்லாம் எழுது.

போனை எடுக்காததற்கு மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. எனக்கு எழுதுவதுதான் சௌகரியம்.

செறியகோயா


செத்லத்
1 டிசம்பர் 2024

காக்கா,

நபீசா மைனி மவுத்துக்கு எழுதாதது என் தப்பு. மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். ‘நானும் தனிதான், நீங்களும் இப்ப தனி’ன்னு எழுதினா குத்திக்காட்டற மாதிரி இருந்துச்சு. வேற எப்படி எழுதறதுன்னு தெரியலை. மைனி எனக்கு அனுப்பின பச்சைச் சால்வை இன்னும் பெட்டியில இருக்கு.

நீங்க கேட்டதுக்கு வரேன். கண்ணாடி போட்டாச்சு, ரெண்டு வருஷமாச்சு. கை எப்பவும் ஈரம்தான். போனை இடுப்புல சொருகுவேன், அது முற்றத்துல விழும், கீழ பவளக்கல்லு. கரண்ட் நினைச்சா போகும். நிறம் நீலமா இருந்தா நல்லது, கறுப்பு வேண்டாம், வச்ச இடம் தெரியாது.

ஆனா எனக்கு இது எதுவும் பெருசில்லை. சத்தம்தான் முக்கியம். படம், கேமரா எல்லாம் எனக்கு எதுக்கு? என்னைப் படம் புடிக்க யார் இருக்கா? பேசறவங்க குரல் பக்கத்துல இருக்கற மாதிரி கேக்கணும், அது போதும்.

ஏன் சொல்றேன்னா, இந்த வீட்டுல குரலே இல்லை. என் வீட்டுக்காரர் போனப்புறம் உம்மா இருந்தாங்க, உம்மாவும் போனப்புறம் நான்தான். ஆஸ்பத்திரியில நோயாளிங்ககிட்ட பேசறதோட சரி. எனக்கு வெள்ளிக்கிழமை லீவு. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தா சனிக்கிழமை காலைல வரைக்கும் வாயைத் திறக்க வேலை இல்லை. போன சனிக்கிழமை டாக்டரம்மாவுக்கு ஸலாம் சொல்லப் போறேன், சத்தம் வரலை. “என்ன சாரோம்மா, தொண்டை கட்டிடுச்சா?”ன்னு கேட்டாங்க. ஆமான்னு தலையாட்டினேன்.

கொச்சிக்குப் போயிட்டு வர்ற ஆளுங்க முன்னெல்லாம் கரையில இறங்கினதும் சொல்லுவாங்க, “கப்பலேத்தறப்ப உன் காக்கா மைக்ல என் பேரைக் கூப்பிட்டாரு, துறைமுக வார்ஃபே அதிர்ந்துச்சு”ன்னு. சண்டையில இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள்ள பெருமையா இருக்கும். நீங்க ஓய்வு பெத்தப்புறம் அந்தச் சேதியும் நின்னு போச்சு.

அதனால சத்தம் நல்லா இருக்கற போனாப் பாருங்க. போன் வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான் அடிப்பேன். அப்பவாவது எடுங்க.

சாரோ


மட்டாஞ்சேரி
14 டிசம்பர் 2024

சாரோ,

இருநூறு பேர் எழுதியதைப் படித்து இரண்டு போனில் வந்து நிற்கிறேன்.

முதலாவதற்குத் திரை பெரியது. எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். முகத்தைக் காட்டும் கேமரா மிகத் தெளிவு. இரண்டாவது சின்னது, கைக்கு அடக்கம், நீலத்திலும் கிடைக்கிறது. ஆனால் எழுத்துப் பொடி, முன் கேமரா மங்கல். எனக்கு முதலாவதுதான் சரியென்று படுகிறது. நீ கேட்ட சத்தம் அதில் சுமார்தான். சத்தம் அவ்வளவு முக்கியமில்லை சாரோ. யோசித்துப் பார்.

கையில் பிடித்துப் பார்க்காமல் உனக்கு எப்படித் தெரியும்? அதனால் இரண்டையும் செய்து அனுப்பியிருக்கிறேன். தையல்காரரிடம் துணிச்சுருளுக்கு நடுவே வரும் அட்டை வாங்கி, கம்பெனி கொடுத்திருக்கும் நீள அகலத்துக்கு வெட்டி, நாலு அடுக்கு ஒட்டி, நடுவில் பழைய பூட்டின் தகட்டை வைத்தேன். தபால் ஆபீஸ் தராசில் வைத்துப் பார்த்ததில் பெரியது நிஜ போனைவிட மூன்று கிராம்தான் கூட. இடுப்பில் சொருகிப் பார், ஈரக்கையால் பிடித்துப் பார், வேண்டுமென்றே கீழே போட்டுப் பார். எது உனக்கு ஒத்துவருகிறது என்று எழுது.

செறியகோயா


செத்லத்
29 டிசம்பர் 2024

காக்கா,

அட்டை ரெண்டும் வந்து சேந்துச்சு. அன்னைக்கு நான் சிரிச்ச மாதிரி எப்ப சிரிச்சேன்னு ஞாபகமில்லை. பெருசைக் காதுல வச்சுக்கிட்டு முற்றத்துல நடந்தேன், “ஹலோ, காக்காவா? நான் சாரோ பேசறேன்”னு. குஞ்ஞிபீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டா.

“அடியே, பைத்தியமா புடிச்சிருக்கு? அட்டைகிட்ட பேசறதை மனுஷன்கிட்டயே பேசு”ன்னு அவ போனை நீட்டினா.

“அவர் எடுக்க மாட்டார்டி.”

“அட்டை வெட்டி அனுப்பறவரு போன் எடுக்க மாட்டாரா? அடி!”

அடிச்சேன். நீங்க எடுத்தீங்க.

நான் என்னென்ன பேசினேன்னு உங்களுக்கே தெரியும். காக்கான்னேன். நல்லா இருக்கீங்களான்னேன். அட்டை வந்துச்சு, பெருசு இடுப்புல நிக்கலைன்னேன். அந்தப் பக்கம் காத்து அடிக்கற மாதிரி ஏதோ கேட்டுச்சே தவிர ஒரு ‘ம்’கூட வரலை. கேக்குதா, கேக்குதான்னு எத்தனை தடவை கேட்டேன்? குஞ்ஞிபீ முன்னாடி நின்னுக்கிட்டு நான் பிச்சை கேக்கற மாதிரி கேட்டேன். நீங்க வச்சிட்டீங்க.

போன் கெட்டுப் போகலை. குஞ்ஞிபீ உடனே அவ மகனுக்கு அடிச்சுப் பாத்தா, கணீர்னு கேட்டுச்சு.

இப்பப் புரியுது ஏன் சத்தம் முக்கியமில்லைன்னு எழுதினீங்கன்னு. நான் பேசறது உங்களுக்குக் கேக்க வேண்டாம், உங்க குரல் எனக்குக் கேக்க வேண்டாம். ஒன்பது வருஷமா மனசுல வச்சிருக்கீங்க. சரி, நானே அதை எடுக்கறேன். உம்மா மூணு வாரம் கிடந்தாங்க. மூணு கப்பல் வந்துச்சு. ஒவ்வொரு கப்பலுக்கும் “கோயா வந்துட்டானா?”ன்னு கேட்டாங்க. அடக்கினப்புறம் நாலாவது கப்பல்ல வந்து இறங்கினீங்க. “ஊருக்கெல்லாம் பேர் கூப்பிட்டுக் கப்பலேத்தறவருக்கு உம்மாவைப் பாக்க ஒரு இடம் கிடைக்கலையா?”ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டேன். இப்பவும் கேப்பேன். நீங்க அன்னைக்கும் பதில் சொல்லலை, வந்த கப்பல்லயே திரும்பிப் போனீங்க. இன்னைக்கும் சொல்லலை.

எனக்கு போன் வேண்டாம். முகவரியும் வேண்டாம்.

சாரோம்மாபி


மட்டாஞ்சேரி
11 ஜனவரி 2025

சாரோ,

குஞ்ஞிபீயின் நம்பர் என்று தெரிந்தேதான் எடுத்தேன். உன் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நீ ‘காக்கா’ என்றதும் என்னை அறியாமல் வாயைத் திறந்துவிட்டேன். நீ பேசி முடிக்கும் வரை திறந்தபடியேதான் இருந்தேன்.

எனக்குக் குரல் இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூன் மாதம் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். புற்று. இப்போது கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறேன். நீ கேட்ட காற்று அதுதான்.

முதலில் குரல் கம்மியது. முப்பது வருஷம் மைக்கில் கத்தியதால் வந்தது என்று மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டு எட்டு மாதத்தை வீணாக்கினேன். பிறகு வேறு வழியில்லை என்றார்கள். கழுத்தில் வைத்துப் பேச ஒரு கருவி கொடுத்தார்கள். ஒரு முறை பேசிப் பார்த்தேன். கெட்டுப்போன மைக் மாதிரி இருந்தது. அலமாரியில் போட்டுவிட்டேன்.

கடைக்குப் போவதை ஏன் விட்டேன் என்றால், ஆபரேஷனுக்குப் பிறகு செருப்பு வாங்கப் போனேன். அளவைத் தாளில் எழுதிக் காட்டினேன். எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக் கடைக்காரர் கத்திக் கத்திப் பேசினார். கடையே திரும்பிப் பார்த்தது. காலுக்கு ஒரு விரல் அளவு சின்னதான செருப்பை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். அன்றிலிருந்து எது வேண்டுமானாலும் படித்துப் பார்த்து வரவழைப்பதுதான்.

உனக்கு ஏன் சொல்லவில்லை? இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பார்க்கிறவர்கள் முதலில் கழுத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்தத் தீவில் ஒருத்தியின் நினைப்பிலாவது நான் குரலோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ வார்ஃபைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

உம்மா விஷயம். அந்த மூன்று கப்பலுக்கும் பெயர் கூப்பிட்டு ஆள் ஏற்றியது நான்தான். இடம் இருந்தது. பயமாக இருந்தது சாரோ. வாப்பா படுக்கையில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தவன் நான், உனக்கு அப்போது நாலு வயது. மறுபடியும் அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அடுத்த கப்பலுக்குள் உம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு பேர் முன்னால் நீ கேட்டது நியாயம். பதில் சொல்லக் குரல் இருந்த காலத்தில் நான் சொல்லவில்லை.

சின்ன போனில் சத்தம் நன்றாக இருக்கிறதாம். அதையே வாங்கிக்கொள். முகவரி வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே.

கோயா


செத்லத்
27 ஜனவரி 2025

காக்கா,

கடுதாசியை ஆஸ்பத்திரியில வச்சுத்தான் படிச்சேன். அப்புறம் துணி துவைக்கற இடத்துல போய் உக்காந்துட்டேன். ஒரு வாளி துணியை ரெண்டு தடவை துவைச்சிருக்கேன், டாக்டரம்மா வந்து சொன்னப்பதான் தெரிஞ்சுது. அவங்ககிட்ட கேட்டேன். நல்லாக் கவனிச்சுக்கிட்டா ரொம்ப வருஷம் நல்லா இருக்கலாம்னு சொன்னாங்க. துளையை மெல்லிசுத் துணியால மூடி வைக்கணும், தூசி போகக் கூடாது, குளிக்கறப்ப தண்ணி உள்ள போகக் கூடாதுன்னு சொன்னாங்க. இதெல்லாம் செய்யறீங்களா? யார் பாத்துக்கறா?

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க ஆஸ்பத்திரியில சின்னக் கட்டியை அறுக்கறதுக்கே சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்னு நிப்பாங்க. உங்களுக்கு யார் போட்டா?

என் தங்கச்சி இருக்கா, அவ ஆஸ்பத்திரி ஆயான்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா? நான் வந்திருப்பேன். திட்டிக்கிட்டே வந்திருப்பேன், ஆனா வந்திருப்பேன்.

உம்மாவைப் பத்தி நீங்க எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். இன்னும் கோவம் இருக்கு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க பதில் சொல்லிட்டீங்க.

குஞ்ஞிபீகிட்ட சொல்லி ஆர்டர் போட்டாச்சு. பெரிய போன். திரை பெருசு, முகம் தெளிவாத் தெரியற போன். காசு கட்டியாச்சு, மாத்த முடியாது. இடுப்புல நிக்கலைன்னா பை தைச்சுத் தோள்ல மாட்டிக்கறேன். நான் பேசறேன், நீங்க எழுதிக் காட்டுங்க. இந்தக் கடுதாசி வர்ற வாரமே அதுவும் உங்க வீட்டுக்கு வந்துடுமாம். மாடியிலேருந்து இறங்கிப் போய் வாங்கிக்குங்க.

சாரோ


மட்டாஞ்சேரி
13 பிப்ரவரி 2025

சாரோ,

போன் வந்துவிட்டது. கீறல் இல்லை. இரண்டு நாள் என்னிடம் வைத்துச் சோதித்தேன். எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன். என் நம்பரை முதலில் போட்டிருக்கிறேன்.

நீ பேசுவது சரியாகப் பதிவாகுமா என்று பார்க்க ஏதாவது பேச வேண்டுமே. போனை ஜன்னல் கட்டையில் வைத்துத் தெருவைப் பதிவு செய்தேன். மீன் வண்டிக்காரர் மத்தி விற்கிறார், ஒருத்தி அவரோடு பேரம் பேசுகிறாள், படகுத் துறையில் ஹாரன் அடிக்கிறது, எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. சத்தம் நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. அந்தப் பதிவை அழிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கேட்டுக்கொள்.

கையெழுத்துப் போட்டது கீழ்வீட்டுத் தையல்காரர், தாவூத் சேட். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டார். அப்போது எனக்குக் கொஞ்சம் குரல் மிச்சம் இருந்தது, ஆனால் எனக்கும் தெரியவில்லை. ‘வீட்டுச் சொந்தக்காரர்’ என்று எழுதினார். நர்ஸ் அதைப் படித்துவிட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டாள்.

பார்சலைத் தபாலில் போட்டுவிட்டேன். வரும் கப்பலில் ஏறும். கருவியை அலமாரியிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தேன். திரும்ப வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு சிலேட்டு வாங்கியிருக்கிறேன். வாங்கக் கடைக்குப் போனேன்.

கோயா


செத்லத்
12 மார்ச் 2025, நோன்பு பதினொண்ணு

காக்கா,

போன்லதான் பாத்துக்கிட்டோமே, அப்புறம் எதுக்குக் கடுதாசின்னு கேப்பீங்க. அன்னைக்குப் பாதியில வச்சிட்டேன் இல்லையா, அதுக்குத்தான்.

பெருநாள் கழிச்சு வர்ற கப்பலுக்குச் சீட்டு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கேன். ஆஸ்பத்திரியில இருபது நாள் லீவு சொல்லியாச்சு. உங்களை இங்க கூட்டிட்டு வர்றதுக்கு வரலை, பயப்படாதீங்க. துளைக்குத் துணி ஒழுங்காக் கட்டறீங்களான்னு பாக்கத்தான் வரேன்.

அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். வீட்டுக்குள்ள நெட்டு வராது, கிணத்தடியில நின்னுதான் வீடியோ கால் அடிச்சேன். நீங்க தெரிஞ்சீங்க. கழுத்துல வெள்ளைத் துணி. மெலிஞ்சு, கன்னம் ஒட்டி, வாப்பா மாதிரியே இருந்தீங்க. நான் என்னவோ பேச வச்சிருந்தேன், எல்லாம் போச்சு. “நோன்பு புடிச்சிருக்கீங்களா?”ன்னு மட்டும் கேட்டேன். நீங்க தலையாட்டிட்டு சிலேட்டைத் தூக்கிக் காட்டினீங்க.

எனக்கு ஒண்ணும் புரியலை. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாத்தேன், அப்பவும் புரியலை. குஞ்ஞிபீ எட்டிப் பாத்துட்டு, “உன் காக்கா என்ன பாஷையில எழுதறாரு? ஜின்னுங்க பாஷையா?”ன்னா. புரியலைன்னு கையைக் காட்டினேன். நீங்க அழிச்சிட்டு இன்னும் பெருசா எழுதினீங்க. அதுவும் அப்படியே. உங்களுக்குக் கோவம் வந்துடுச்சு, அந்தப் புருவம் மட்டும் மாறவே இல்லை.

அப்புறம்தான் குஞ்ஞிபீக்கு விளங்குச்சு. உங்க போன்ல உங்களுக்குத் தெரியற உங்க படத்துல எழுத்து இடவலமா மாறித் தெரியுமாம். நீங்க அதை நேராக்கறதா நினைச்சு, ஒவ்வொரு எழுத்தையும் கஷ்டப்பட்டுத் திருப்பி எழுதியிருக்கீங்க. எங்களுக்கு நீங்க நேரா எழுதினாலே நேராத்தான் தெரியும் காக்கா. இனிமே சாதாரணமா எழுதுங்க.

ஆனா அதை உங்களுக்கு வாயால சொல்லணும்னு அப்பத் தோணலை. உள்ள ஓடிப்போய் சுவத்துல மாட்டியிருந்த கண்ணாடியைக் கழட்டிட்டு வந்தேன். போனை அதுக்கு முன்னாடி பிடிச்சேன். எழுத்து நேரா ஆயிடுச்சு. ‘உனக்கும் நரைச்சுப் போச்சே’ன்னு எழுதியிருந்தீங்க. அதே கண்ணாடியில, உங்க சிலேட்டுக்குப் பக்கத்துல, என் தலையும் தெரிஞ்சுது.

அதுக்கு மேல என்னால நிக்க முடியலை. அதான் வச்சிட்டேன். நீங்க கேட்டதுக்கு இப்பச் சொல்றேன். ஆமா காக்கா, எனக்கும் நரைச்சுப் போச்சு. எப்ப நரைச்சுதுன்னு தெரியலை. பாத்துச் சொல்ல யாரும் இல்லை.

சாரோ